வேல்ஸ் நாட்டுப் பெட்டியில் என் மூன்று கடிதங்கள்

என் கையெழுத்தில் மூன்று கடிதங்கள் இங்கிலாந்துக்குப் பக்கத்தில் வேல்ஸ் என்ற நாட்டில் ஒரு நூலகத்தில் இருக்கின்றன. கெட்டுப்போகாத காகிதத்தில் சுற்றி, அட்டைப்பெட்டிக்குள் வைத்து, சூடும் ஈரமும் கூடாமல் குறையாமல் பார்த்துக்கொள்ளும் ஒரு அறையில் அடுக்கியிருக்கிறார்களாம். அந்தப் பெட்டியைத் தொடுவதற்கு முன்னால் கை கழுவ வேண்டுமாம். பக்கத்தில் பேனா கொண்டுபோகக் கூடாதாம், பென்சில்தானாம். அரியலூரில் தாலுகா ஆபீஸ் சுவரோரம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து மனு எழுதியவன் நான். ஆயிரக்கணக்கில் எழுதியிருப்பேன். அதில் ஒன்றுகூட இன்றைக்கு எங்கேயும் இருக்காது. இந்த மூன்று மட்டும் பத்திரமாக இருக்கின்றன.

கடிதத்தைச் சொன்னது ஒரு பெண். எழுதியது நான். அவர் சொன்னதை நான் எழுதவில்லை. விஷயம் அவ்வளவுதான், ஆனால் அவ்வளவோடு முடியவில்லை.

அந்த அக்காவின் ஊர் அரியலூரிலிருந்து செந்துறை போகும் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஓடையோரமாகக் கொஞ்சம் நடந்தால் வரும். எங்கள் பக்கத்து ஓடைகளில் மண்ணைக் கீறினால் கல்லாகிப்போன நத்தையும் சிப்பியும் கிடைக்கும். ஒரு காலத்தில் இங்கே கடல் இருந்ததாம். எங்களுக்கு அது அதிசயம் இல்லை. ஆடு மேய்க்கிறவர்கள் அந்த நத்தையை எடுத்து வீசித்தான் ஆட்டைத் திருப்புவார்கள். அதைப் பொறுக்குவதற்கென்றே ஒரு துரை வந்தார். தன் நாட்டில் பள்ளிக்கூட வாத்தியார். நாலு வருஷம் தொடர்ந்து தை பிறந்தால் வருவார், மாசி முடியப் போய்விடுவார். அரியலூரில் லாட்ஜில் தங்கி, காலையில் முதல் பஸ்ஸில் ஏறி, எங்களோடு இடிபட்டுத் தொங்கிக்கொண்டு வருவார். எங்களுக்கு வெள்ளையாக இருந்தால் இங்கிலீஷ்காரன். அதை மட்டும் அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். இரண்டு கையையும் ஆட்டி, "நோ, நோ, வேல்ஸ்" என்பார். டீக்கடையில் அவருக்கு நோநோ துரை என்று பேர் வைத்தோம். வைத்தவன் நான்தான்.

கல் பொறுக்க அவருக்குக் கூட ஒரு ஆள் வேண்டியிருந்தது. அந்த அக்கா வந்தார். கிணறு வெட்டும்போது கரை சரிந்து புருஷன் செத்துச் சில வருஷம் ஆகியிருந்தது. ஒரே பெண். பன்னிரண்டு வயசு. அக்காவுக்குக் கண் அப்படி ஒரு கண். துரை குனிந்து தேடிக்கொண்டிருக்கும் இடத்துக்குப் பின்னாலேயே நின்று, "ஐயா, காலத் தூக்குங்க, மேலயே நிக்கிறீங்க" என்பாராம். சேலை முந்தானையை இழுத்து மடியில் சொருகிக்கொண்டு, பொறுக்கியதை எல்லாம் அதில் போட்டுக்கொண்டு, சாயங்காலம் ஒரு துணியில் கொட்டிக் காட்டுவார். துரை ஒவ்வொன்றாக எடுத்து நோட்டில் எழுதுவார்.

ஊருக்கு இது போதும்.

முதலில் ஆரம்பித்தது அக்காவின் நாத்தனார். குழாயடியில் நாலு பேர் நிற்கும்போது, யாரிடமோ சொல்வது மாதிரி ஆகாயத்தைப் பார்த்துச் சொல்லும். "கல்லு பொறுக்க ஆம்பளையே கெடைக்கலியாம் வெள்ளைக்காரனுக்கு. எந் தம்பி பொண்டாட்டிதான் கெடைச்சாளாம். கொடுத்து வச்ச கல்லு!" சுற்றி நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். அக்கா குடத்தை நிரப்பாமலேயே திரும்பி வந்துவிடுவார்.

நாலாவது வருஷம் போன துரை அப்புறம் வரவில்லை. முழங்காலில் கோளாறு என்று பின்னால் தெரிந்தது. ஊர் வேறு மாதிரிச் சொன்னது. அந்த வருஷம்தான் அக்காவின் மகளுக்கு ஒரு இடம் வந்தது. ஜெயங்கொண்டம் பக்கத்து மாப்பிள்ளை, முந்திரித் தோப்பு வேலை. வந்து பார்த்தார்கள், பிடித்துப்போனது. நிச்சயத்துக்கு வரும் அன்றைக்கு பஸ் ஸ்டாப்பில் இறங்கியவர்களை யாரோ ஓரமாகக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார்கள். அடுத்த பஸ்ஸிலேயே ஏறிப் போய்விட்டார்கள். அக்கா பின்னாலேயே ஜெயங்கொண்டம் போய், மாப்பிள்ளையின் அப்பாவைக் கையெடுத்துக் கும்பிட்டு நின்றார்.

அந்த மனிதர் வாசலிலேயே வைத்துச் சொன்னாராம்: "பொண்ணு செவப்பா இருக்குன்னு பாத்தேன். இப்பல்ல காரணம் தெரியுது."

மகள் பிறந்து பன்னிரண்டு வருஷம் கழித்துத்தான் துரை முதன்முதலாக அரியலூர் ஸ்டேஷனில் இறங்கினார். இதை யாரும் கூட்டிக் கழித்துப் பார்க்கவில்லை. அக்கா சொல்லிப் பார்த்தார். அதற்கு மாப்பிள்ளையின் அப்பா, "அப்படியா? சரி, அந்த வெள்ளைக்காரன் கையால ஒரு லெட்டர் வாங்கிட்டு வாம்மா. உங்களுக்குள்ள ஒன்னும் இல்லன்னு அவன் எழுதிக் குடுக்கட்டும். அடுத்த முகூர்த்தத்துலயே முடிச்சிக்குவோம்" என்றிருக்கிறார். பக்கத்தில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள். அவர் கேலிக்குச் சொன்னார். அக்கா அதை வாக்காக எடுத்துக்கொண்டு, துரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போன விலாசத்தோடு நேரே என்னிடம் வந்தார்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயசு. எட்டாவதோடு நின்றவன். மளிகைக் கடையில் பொட்டலம் மடித்த பேப்பரைப் படித்துப் படித்து நானாகக் கற்றுக்கொண்டதுதான் எல்லாம். சுவரோரம் உட்கார்ந்த நாலைந்து பேரில் இங்கிலீஷிலும் எழுதுகிறவன் என்று எனக்கு ஒரு பேர். அந்தப் பேருக்குக் காரணம், மாதிரிக் கடிதங்கள் அடங்கிய ஒரு பழைய புத்தகம். லீவு கேட்பதற்கு ஒன்று, வேலை கேட்பதற்கு ஒன்று, துக்கம் விசாரிக்க ஒன்று. பேரையும் ஊரையும் மாற்றிப் போட்டால் கடிதம் தயார். எனக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. ஜனங்கள் பேசுவதில் நல்லதாக ஏதாவது விழுந்தால் அதை ஒரு நோட்டில் தனியாக எழுதி வைத்துக்கொள்வேன். மனு எழுத வருகிறவர்கள் வயிறெரிந்து பேசும்போதுதான் நல்ல நல்ல வார்த்தையாக வரும். அவர்கள் அழுதுகொண்டிருப்பார்கள், நான் உள்ளுக்குள் ரசித்துக்கொண்டிருப்பேன்.

அக்கா தரையில் உட்கார்ந்து சொன்னார். "எழுது தம்பி. ஐயா, நீங்க போனதுலேருந்து நான் தண்ணிக்குப் போனா எவளும் எங் கொடத்தப் பாக்குறதில்ல, எம் மடியத்தான் பாக்குறாளுவ. எம் மடியில இருந்ததெல்லாம் கல்லு. அவுத்துக் கொட்டட்டுமா, எண்ணிக்கிறீங்களான்னு கேட்டேன். சிரிக்கிறாளுவ. ஐயா, நீங்க ஒரு காயிதம் எழுதுங்க. இந்தப் பொம்பள எங்கிட்ட கல்லு பொறுக்க வந்தா, பொழுது சாயறதுக்குள்ள வூட்டுக்குப் போனா, அதுக்கு மேல ஒன்னும் இல்லன்னு எழுதுங்க. அது வந்தா எம் பொண்ணு கழுத்துல தாலி ஏறிடும். வரலன்னா நாங்க ரெண்டு பேரும் இருந்தும் இல்லாத ஆளுவ."

நான் நோட்டை எடுத்தேன். 'எம் மடியில இருந்ததெல்லாம் கல்லு, எண்ணிக்கிறீங்களா' என்பதை அப்படியே எழுதிக்கொண்டேன். அக்கா, கடிதத்துக்குத்தான் எழுதுகிறான் என்று நினைத்தார்.

அப்புறம் இங்கிலீஷ் தாளை எடுத்தேன். கை ஓடவில்லை. ஒரு பெண்ணுக்கும் ஒரு ஆணுக்கும் நடுவில் ஒன்றும் இல்லை என்று எழுதித் தாருங்கள் என்று கேட்பதற்கு என் புத்தகத்தில் மாதிரி இல்லை. 'வச்சிருக்கான்' என்று ஊர் சொல்வதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது? யாரிடமாவது கேட்டால் இவனுக்கு இங்கிலீஷ் தெரியாது என்று ஆகிவிடும். பக்கத்து ஸ்டூல்காரர் இதற்காகத்தான் காத்துக்கொண்டிருக்கிறார். தெரியாது அக்கா, வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பத்து நிமிஷம் யோசித்துவிட்டு, வெளிநாட்டில் இருக்கும் மாமாவுக்கு எழுதும் மாதிரிக் கடிதத்தைத் திறந்தேன். நாங்கள் அனைவரும் நலம். என் மகளுக்குச் சீக்கிரம் திருமணம் நடக்க இருக்கிறது. எங்களைப் பற்றித் தாங்கள் எந்தச் சிரமமும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். மாமா என்ற இடத்தில் ஐயா என்று போட்டேன்.

"எல்லாத்தையும் எழுதிட்டியா தம்பி?"

"எழுதிட்டேங்க்கா."

"மடியில கல்லுன்னு சொன்னனே, அது?"

"அதுவும் இருக்குங்க்கா."

அக்கா தாளை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். "இம்மாம் பேசுனேன். ஒரு பக்கம்கூட ரொம்பலியே?"

"இங்கிலீஷ்ல எல்லாம் சுருக்கமாத்தாங்க்கா வரும்."

"புத்திசாலி பாஷை" என்றார் அக்கா. பெருவிரலை மையில் அமுக்கிக் கீழே வைத்தார்.

இப்படி மூன்று முறை. ஒவ்வொரு முறையும் அவர் அதையேதான் சொன்னார், இன்னும் கொஞ்சம் உடைந்துபோய்ச் சொன்னார். நான் வேறு வேறு மாதிரிக் கடிதங்களைப் போட்டேன். ஒன்றில் தீபாவளி வாழ்த்துக்கூட இருந்தது.

முதல் கடிதத்துக்கும் இரண்டாவது கடிதத்துக்கும் நடுவில் துரையிடமிருந்து ஒரு அட்டை வந்தது. முன்பக்கம் பச்சையாக ஒரு மலை, ஆடுகள். பின்பக்கம் நாலு வரி. அக்கா பஸ் ஏறி ஓடி வந்தார். எல்லோரும் சுகமாக இருப்பதறிந்து சந்தோஷம், மகளுக்கு என் ஆசிகள் என்று அதில் இருந்தது. நான் படித்தேன்: "கவலைப்படாதீங்க, சீக்கிரமே நீங்க கேட்ட லெட்டர எழுதி அனுப்புறேன்னு போட்டிருக்காருக்கா." அக்கா அந்த அட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஜெயங்கொண்டத்துக்குப் போய், இன்னும் ஒரு மாசம் பொறுங்கள், லெட்டர் வருகிறது என்று மாப்பிள்ளை வீட்டு வாசலில் நின்று சொல்லிவிட்டு வந்தார். அவர்கள் மறுபடி சிரித்தார்கள். அந்த மாசமே மாப்பிள்ளைக்கு விருத்தாசலத்தில் பெண் எடுத்துவிட்டார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நோட்டில் எழுதுவதோடு நான் நிற்கிற ஆள் இல்லை. டீக்கடையில் உட்கார்ந்தால் எனக்கு வாய் நிற்காது. நல்ல பேச்சு கிடைத்தால் நாலு பேருக்குச் சொல்லாமல் தூக்கம் வராது. யார் சொன்னது என்று சொல்லாமல்தான் சொன்னேன். சொல்லாவிட்டால் தெரியாதா? மடியில் கல் என்றால் எங்கள் வட்டாரத்தில் வேறு யார்? ஒரே வாரத்தில் அந்தப் பேச்சு ஊருக்கு நடந்து போய்ச் சேர்ந்துவிட்டது. அக்காவின் மகள் தையல் கற்றுக்கொள்ள டவுனுக்கு வருவார். பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது பின்னாலிருந்து ஒருவன், "என்னா பாப்பா, மடியில என்னா, கல்லா?" என்பான். இன்னொருவன், "எண்ணிக்கலாமா?" என்பான். அந்தப் பெண் தையல் பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நிற்பார். நானே ஒருமுறை எதிர்ப்பக்கம் நின்று பார்த்தேன். பஸ் வந்தது, ஏறிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அவருக்கு வந்த இடமெல்லாம் பஸ் ஸ்டாப்போடு திரும்பிப் போயிற்று. அவருக்குக் கல்யாணம் ஆகவே இல்லை. இப்போது ஐம்பத்தைந்து, ஐம்பத்தாறு வயசு இருக்கும். பள்ளிக்கூட யூனிபாரம் தைக்கிறார். அக்காவுக்கு எழுபத்தைந்துக்கு மேல். கண் இன்னும் அப்படியே இருக்கிறது, கால்தான் போய்விட்டது. இந்த நாற்பது வருஷமும் ஊரில் அவர்கள் வாய் நிறையப் பேசியது என் ஒருவனிடம்தான். ரேஷன் கார்டு, முதியோர் பென்ஷன் என்று எல்லாவற்றுக்கும் என்னிடம்தான் வருவார்கள். அவர்களைக் கேலி பேசாத ஒரே ஆள் நான் என்று அக்கா எல்லோரிடமும் சொல்வார்.

போன ஆடியில் மகள் என் ஜெராக்ஸ் கடைக்கு வந்தார். ஸ்டூலும் சுவரும் போய் இப்போது கம்ப்யூட்டரும் கடையும் ஆகிவிட்டது. கையில் நீளமான ஒரு கவர், வெளிநாட்டு ஸ்டாம்பு.

"அம்மா பேருக்கு வந்திருக்குண்ணே. போஸ்ட்மேன் நாலு தரம் திருப்பித் திருப்பிப் பாத்துட்டுக் குடுத்தாரு."

பிரித்தேன். வேல்ஸிலிருந்து ஒரு நூலகம். துரை செத்து நெடுநாள் ஆகிறது. அவருடைய டைரி, நோட்டு, கடிதம், கல் பற்றிய குறிப்பு எல்லாவற்றையும் அவர் வீட்டார் இந்த நூலகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். அங்கே வேலை பார்க்கும் ஒரு பெண் அவற்றை ஒழுங்குபடுத்துகிறார். பெட்டிக்குள் இந்த அம்மாள் எழுதிய மூன்று கடிதங்கள் இருக்கின்றன. அவற்றைப் படமெடுத்து எல்லோரும் பார்க்கும்படி வைக்க விரும்புகிறார்கள். கடிதத்தை எழுதியவரின் சம்மதம் வேண்டும். விரும்பினால் எல்லாவற்றுக்கும் நகல் அனுப்புகிறோம்.

நாற்பது வருஷம் ஆகிவிட்டது, யாருக்கு என்ன தெரியப் போகிறது என்று நினைத்தேன். "நல்ல சேதிதாம்மா. அம்மாவோட லெட்டர எல்லாம் பத்திரமா வச்சிருக்காங்களாம்" என்றேன்.

"நகல வாங்குங்கண்ணே" என்றார் அவர். "அவரு எங்க அம்மாவப் பத்தி என்னதான் எழுதி வச்சிருக்காருன்னு நான் பாக்கணும். நல்லதோ கெட்டதோ. ஊர் சொன்னதத்தான் இம்புட்டு நாளும் கேட்டாச்சு."

வாங்காமல் இருந்திருக்கலாம். மெயில் போகவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அனுப்பு பட்டனை நான் அமுக்குகிறவரை எழுந்திருக்கவில்லை.

பதினைந்து நாளில் வந்தது. துரையின் டைரி அவர் நாட்டுப் பாஷையில் இருந்தது. பார்த்தால் இங்கிலீஷ் எழுத்துதான், படித்தால் ஒரு வார்த்தை பிடிபடாது. அந்த நூலகப் பெண் நல்ல மனசு. இந்த அம்மாளைப் பற்றி வரும் இடங்களை மட்டும் எடுத்து, இங்கிலீஷில் மாற்றி, பக்கத்தில் டைப் அடித்து வைத்திருந்தார். எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்தேன். மகள் மேஜை மேல் பரப்பினார்.

கல் நோட்டை முதலில் படித்தேன். பக்கத்துக்குப் பக்கம் அக்காவின் பேர். இந்தச் சிப்பி, இந்த ஓடைக்கரை, கண்டெடுத்தது இன்னார். ஒரு இடத்தில், இன்று நான் கண்டது பூஜ்யம், எல்லாம் அவள் கண்டது என்று எழுதியிருந்தார். மகள் சிரித்தார். அப்படி அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

அடுத்தது நாலாவது வருஷத்து டைரி. அதையும் படித்தேன், படிக்காமல் இருக்க முடியவில்லை. 'நாங்கள் ஓடைக்குப் போகும்போது சிரிக்கிறார்கள். அவள் எனக்கு விளக்கவில்லை, விளக்கத் தேவையும் இல்லை. பாதிரியார் வீட்டைக் கூட்டப் போன என் அம்மாவைப் பற்றி எங்கள் ஊரும் இப்படித்தான் சிரித்தது.' பிறகு ஊருக்குத் திரும்பிய பின் ஒரு நாள்: 'அவள் ஊர்ப் பெரியவர்களுக்கு ஒரு கடிதம் எழுதிவிட்டேன். கேட்காமல் அனுப்பினால் அவளுக்கே வினையாக முடியலாம். அவளிடமிருந்து ஒரு வார்த்தை வரட்டும்.'

அடுத்த தாளைத் திருப்பினேன். என் கையெழுத்து. அதற்கு அடுத்து, அந்தக் கடிதம் கிடைத்த நாளின் டைரி.

"இது என்னண்ணே?"

"இது... ஒடம்பு முடியலன்னு எழுதியிருக்காரும்மா. வேற ஒன்னும் இல்ல."

அவர் பையிலிருந்து போனை எடுத்தார். இப்போதெல்லாம் போனைத் தாளுக்கு மேலே காட்டினால் அதுவே தமிழில் கொடுத்துவிடுகிறதே, அதைச் செய்தார். தையல் பேட்டர்ன் புத்தகம் படிக்க இப்படித்தான் செய்வாராம். எனக்குத் தெரியாது. முதலில் என் கடிதத்தின் மேல் பிடித்தார். அப்புறம் டைரியின் இங்கிலீஷ் தாள் மேல். போனில் வந்த கோணல் தமிழை அவர் வாய்விட்டே படித்தார்.

"'கல் பெண்ணிடம் இருந்து கடிதம். அங்கே அனைத்தும் நன்றாக உள்ளது. மகள் திருமணம் செய்கிறாள். சிரமம் எடுக்க வேண்டாம் என்று கூறுகிறாள். எனவே என் கடிதத்தை அனுப்பவில்லை. மகிழ்ச்சி.'"

கடையில் ஒரு ஆள் ஆதார் ஜெராக்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார். எடுத்துக் கொடுத்தேன். திரும்பி வந்தேன். மகள் மீதித் தாளையும் ஒவ்வொன்றாகப் போனைக் காட்டிப் படித்துக்கொண்டிருந்தார். கடைசித் தாள், துரை எழுதி அனுப்பாமல் விட்ட கடிதம். அதைப் பெட்டியில் என் கடிதத்துக்கு அடியிலேயே வைத்திருந்தாராம். கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, மடித்து.

அதையும் படித்து முடித்துவிட்டுக் கேட்டார்: "ஏண்ணே?"

"எனக்கு இங்கிலீஷ் அவ்வளவு தெரியாதும்மா."

"தெரியலன்னு சொல்லியிருக்கலாமே."

நூலகம் அனுப்பிய சம்மதப் படிவம் மேஜையில் கிடந்தது. அதை என் பக்கம் நகர்த்தினார். "லெட்டர எழுதுனவங்க பேரு போடணுமாமே. யாரு பேரண்ணே போடுவீங்க?"

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். வரச்சொல்லியிருந்தார். அக்கா கட்டிலில் சாய்ந்திருந்தார், என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தார். "வா தம்பி, வா. இவ ஒன்னும் சொல்ல மாட்டேங்கறா. தொர என்னமோ எழுதி வச்சிருக்கானாமே?"

மகள் அந்தக் கடைசித் தாளை என் கையில் கொடுத்தார். "அண்ணனே படிக்கட்டும்மா. அண்ணன்தான வழக்கமா படிக்கிறது."

படித்தேன். இந்த முறை ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. 'ஊர்ப் பெரியவர்களுக்கு. நான் ஒரு பள்ளி ஆசிரியன். நான்கு ஆண்டுகள் இந்த அம்மாள் என்னிடம் கல் சேகரிக்கும் வேலைக்கு வந்தார். காலையில் வருவார், பொழுது சாயும் முன்னால் போவார். அவர் வீட்டு வாசலை நான் மிதித்ததில்லை. என் அறைக்கு அவர் வந்ததில்லை. எனக்குத் தெரிந்த படித்தவர்கள் யாருக்கும் இவருடைய கண் கிடையாது. இதற்கு மாறாக யாராவது சொன்னால், என் விலாசம் கீழே இருக்கிறது, எனக்கு எழுதட்டும். நான் பதில் சொல்கிறேன்.'

அக்கா அசையாமல் கேட்டார். முடிந்ததும், "நான் சொன்னதத்தான அப்படியே எழுதியிருக்கான்" என்றார். "பொழுது சாயறதுக்குள்ளன்னு. நீ எழுதுனத பாத்து எழுதியிருக்கான்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அப்ப ஏன் தம்பி அனுப்பல?"

மகள் சுவரில் சாய்ந்து நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். உதவிக்கு வரவும் இல்லை, தடுக்கவும் இல்லை.

"மறந்துட்டாரு போலருக்குங்க்கா" என்றேன்.

அக்காவுக்கு மூச்சு வாங்கியது. "மறந்துட்டானா? எழுதி, மடிச்சி, பொட்டியில வச்சிட்டு மறந்துட்டானா? எம் பொண்ணு நின்னது நின்னபடி நிக்கிறா, இவனுக்கு மறதியா? அட பாவி! வரும்னு அட்டை போட்டானே! அதச் சொல்லித்தான நான் மாப்ள வூட்டு வாசல்ல போயி அசிங்கப்பட்டு வந்தேன்! ஊரு பேசுனா ஊருக்கு ஒன்னும் தெரியாது. இவனுக்கு எல்லாம் தெரியுமே. தெரிஞ்சி வச்சிருந்தானே. நாசமாப் போறவன், அவனப் பொதைச்ச எடத்துல புல்லு மொளைக்காம போவ!" இருமல் வந்தது. இருமி முடித்து, என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ எம்புட்டு எழுதுன. மூணு தரம். ஒத்தப் பைசா வாங்காம. எவன் எங்களுக்கு இருந்தான் உன்ன விட்டா? ஏ புள்ள, தம்பிக்கு டீ போடு."

மகள் டீ போட்டார். குடித்தேன். வாசல் வரைக்கும் கூட வந்தார்.

"அம்மாட்ட நான் சொல்ல மாட்டேன்" என்றார். "உங்களுக்காக இல்ல. இந்த ஊர்ல ஒரு ஆளு நம்ம பக்கம் நின்னுச்சுன்னு அம்மா அது ஒன்னத்தான் புடிச்சிக்கிட்டு இருக்கு. அதையும் புடுங்குனா அதுக்கு என்ன இருக்கு? ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வந்துருங்க. வந்து படிங்க. படிச்சிட்டு, அம்மா சொல்றத வாங்கிக்கிட்டுப் போங்க."

"மன்னிச்சிரும்மா" என்றேன்.

"அதெல்லாம் இங்கிலீஷ்ல சொல்லுங்கண்ணே. சுருக்கமா வரும்" என்றார். கதவைச் சாத்திக்கொண்டார்.

போய்க்கொண்டிருக்கிறேன். ஒரு வாரம் தவறினால் போன் வந்துவிடும். படிக்கிறேன், அக்கா துரையை வைகிறார், என்னை வாழ்த்துகிறார், டீ வருகிறது. இதையெல்லாம் இப்படி அச்சில் எழுதலாமா என்று மகளிடம் கேட்டேன். "எழுதுங்க, அம்மாவுக்குத்தான் படிக்கத் தெரியாதே. அத வச்சித்தான நீங்க எப்பவும் எழுதுறீங்க" என்றார்.

போன ஞாயிற்றுக்கிழமை நூலகத்திலிருந்து ஒரு போட்டோவும் வந்திருந்தது. மகள் ஸ்டுடியோவில் கொடுத்துப் பெரிசாக எடுத்து வைத்திருந்தார். ஓடைக்கரையில் இளம் வயசில் அக்கா, கையளவு ஒரு கல் நத்தையைத் தூக்கிக் காட்டிக்கொண்டு. மூன்று அடி தள்ளி, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு துரை. அவர் கேமராவைப் பார்க்கவில்லை, அந்தக் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா படத்தை வெகுநேரம் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அன்றைக்கு வசவு எதுவும் வரவில்லை.

"தம்பி, இதுல அவன மட்டும் வெட்டி எடுத்துரு" என்றார். "நான் மட்டும் இருக்கட்டும்."

நான் மகளைப் பார்த்தேன். அவர் தையல் மெஷின் டிராயரைத் திறந்து பெரிய கத்தரிக்கோலை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"நேரா வெட்டுங்கண்ணே. அம்மா மேல பட்டுரப் போவுது."

வெட்டினேன்.